பர்மா பிரிந்தது, தஞ்சை நெல் என்ன ஆனது?

2016 ஜூன் 23-ம் தேதி பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 51.9 விழுக்காட்டினரும், கூடாது என்று 48.1 விழுக்காட்டினரும் சொன்னார்கள். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. 2021 ஜனவரி 1 முதல் புதிய வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பொருள்களுக்குச் சுங்கவரி இல்லை. ஆனால் சுங்கப் படிவம், பரிசோதனை, "இந்தப் பொருள் எங்கே தயாரானது" என்று நிரூபிக்கும் சான்றிதழ் எல்லாம் புதிதாக முளைத்தன. ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருக்கக்கூடியதைவிட பிரிட்டனின் ஏற்றுமதி, இறக்குமதி நீண்டகாலத்தில் 15 விழுக்காடு குறைவாக இருக்கும் என்பது அந்நாட்டு வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு.

"அது வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம், காவிரிக் கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. ஒரே சந்தையாக இருந்த இரண்டு நாடுகள் பிரிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். அப்போது பிரிந்து போன நாடு பர்மா. இன்றைய பெயர் மியான்மர். நடுவில் இருந்த சரக்கு அரிசி.

இந்தியாவின் ஒரு மாகாணம்

பர்மா ஒரு காலத்தில் இந்தியாவின் மாகாணமாக இருந்தது என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது. ஆங்கிலேயர்கள் மூன்று போர்கள் நடத்தி பர்மாவைப் பிடித்தார்கள். 1852-ல் கீழ் பர்மா முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. 1886 ஜனவரி 1-ல் மேல் பர்மாவும் சேர்க்கப்பட்டு, நாடு முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. சென்னை மாகாணம், வங்காள மாகாணம் போல அதுவும் ஒன்று. சென்னையிலிருந்து ரங்கூன் போக பாஸ்போர்ட் தேவையில்லை. அங்கிருந்து வரும் அரிசிக்குச் சுங்கவரியும் இல்லை.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. ஐராவதி டெல்டாவில் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலம் வயலானது. அதற்குக் கடன் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். அறுவடை செய்யவும், ஆலையில் வேலை பார்க்கவும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் போனவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர்கள், தமிழர்கள், ஒரியர்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம் பேர். ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். உலகப் போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசியை வெளியே அனுப்பி, உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக பர்மா இருந்தது.

ரங்கூன் அரிசியும் தஞ்சை மிராசுதாரும்

இனி தஞ்சாவூர் பக்கம் வருவோம். அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் என்றால் இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்தது. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லையே நம்பி இருந்த பூமி. தன் தேவைக்குப் போக மிஞ்சியதை வெளியே விற்றால்தான் அங்கே காசு புழங்கும். தஞ்சை அரிசிக்கு இரண்டு பெரிய சந்தைகள் இருந்தன. ஒன்று இலங்கை. அங்கே காபி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலித் தொழிலாளிகளுக்குப் புழுங்கல் அரிசிச் சோறு வேண்டும். அது நாகப்பட்டினத்திலிருந்து கடல் வழியாகப் போனது. இன்னொன்று மலபார், கொச்சி, திருவிதாங்கூர். தென்னை, மிளகு என்று பணப்பயிர்களுக்கு மாறிய அந்தப் பகுதிகளில் நெல் பற்றாக்குறை.

இந்த இரண்டு சந்தைகளிலும் பர்மா அரிசி மெல்ல மெல்ல நுழைந்தது. காரணம் எளிது, விலை குறைவு. ஐராவதி டெல்டாவில் நிலம் புதிது, மழை தாராளம், ஏக்கர் கணக்கில் பரந்த சாகுபடி. ரங்கூனிலிருந்து கப்பலில் கொழும்புக்கோ கொச்சிக்கோ அரிசி கொண்டுவரும் செலவும் அதிகமில்லை. வணிகவியலில் "ஒப்பீட்டு நன்மை" என்று படிக்கிறோமே, அது பர்மா பக்கம் இருந்தது.

1929-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் நிலைமை மோசமானது. மற்ற நாடுகளில் சந்தை சுருங்கியதால் பர்மா அரிசி வரியில்லாத சந்தையான இந்தியாவை நோக்கித் திரும்பியது. சயாம், சைகோன் நொய்யரிசியும் சென்னை மாகாணத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. நிலவரியோ ரொக்கமாகக் கட்ட வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டியும் ரொக்கம்தான். நெல் விலை பாதியானால் அதே வரியைக் கட்ட இரண்டு மடங்கு நெல் விற்க வேண்டும். மிராசுதார்கள் கலங்கிப் போனதில் வியப்பில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தஞ்சை டெல்டாவின் நீர்ப் பாசனத்தை உறுதிப்படுத்தவும், கல்லணைக் கால்வாய் வழியாகப் புதிதாக 3 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரவும் கட்டப்பட்ட மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்ட் 21-ல். திட்டம் போட்ட காலத்தில் நெல்லுக்கு நல்ல விலை. அணை திறந்த நாளிலோ நெல் விலை அதல பாதாளத்தில். அதிகம் விளைந்தால் இன்னும் விலை குறையும் என்ற பயம் வேறு.

"வெளி அரிசிக்கு வரி போடு" என்ற கோரிக்கை எழுந்தது. அரசாங்கம் 1935-ல் வெளிநாட்டு நொய்யரிசிக்கு மணங்குக்கு 12 அணா வரி போட்டது. சயாமும் சைகோனும் அதில் மாட்டின. ஆனால் பர்மாவை ஒன்றும் செய்ய முடியவில்லை. பர்மா வெளிநாடு அல்லவே! ஒரே நாட்டின் இரண்டு மாகாணங்களுக்கு நடுவில் சுங்கச் சாவடி எப்படி வைப்பது?

ஆலை வேலை யாருக்கு?

நெல்லாக வருவதற்கும் அரிசியாக வருவதற்கும் வித்தியாசம் உண்டு. நெல்லை அவித்து, காய வைத்து, அரைத்து, உமி தவிடு பிரித்து மூட்டை கட்டுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் கூலி இருக்கிறது. இதைத்தான் "மதிப்புக் கூட்டல்" என்கிறார்கள். ரங்கூனிலிருந்து வந்தது அரைத்த அரிசி. ஆக, அந்தக் கூலியும் ரங்கூனிலேயே தங்கிவிட்டது. தஞ்சை ஆலைக்காரர்களின் குறை இது. ஆனால் ரங்கூன் ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போன கூலிகள், குறிப்பாகத் தெலுங்கர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர்கள் மிச்சம் பிடித்த பணம் திரும்ப இந்தியக் கிராமங்களுக்குத்தான் வந்தது.

இன்னொரு பக்கம், தஞ்சைக்குள்ளேயே ஒரு வேலை இழப்பு நடந்து கொண்டிருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. உரலும் உலக்கையும் வைத்து நெல் குத்திக் கூலி வாங்கிய பெண்களின் வேலையை எஞ்சினில் ஓடும் அரிசி ஆலைகள் பறித்தன. இதற்கு பர்மா காரணமில்லை.

நாகப்பட்டினத்தின் கதையும் இது போன்றதுதான். தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை அந்த ஊரில் இருந்தது. 1920-களின் கடைசியில் அதைத் திருச்சி அருகே பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆட்குறைப்புத் திட்டத்தை எதிர்த்து 1928 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தம் தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமானது. சிங்காரவேலர் போன்ற தலைவர்கள் சிறை சென்றார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. டெல்டாவில் எஞ்சின், லேத் என்று இருந்த பெரிய தொழிற்கூடம் ஊரை விட்டே போனது. இதுவும் எந்த அந்நிய நாட்டுப் போட்டியாலும் நடந்ததல்ல, கம்பெனி எடுத்த முடிவு.

பிரிட்டனிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்விண்டன் நகரில் இருந்த ஹோண்டா கார் தொழிற்சாலை 2021 ஜூலையில் மூடப்பட்டது. பிரெக்சிட்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். உலகக் கார் தொழிலில் வந்த மாற்றமே காரணம் என்று கம்பெனி சொன்னது. ஒரு வேலை ஏன் போனது என்று கண்டுபிடிப்பது அத்தனை எளிதல்ல. எல்லைக்கு அப்பால் இருப்பவன் மேல் பழி போடுவது மட்டும் எப்போதும் எளிது.

1937: பிரிவினை

பர்மாவிலும் இந்தியர்கள் மேல் கோபம் வளர்ந்தது. விலை விழுந்ததால் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போயின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1938-ல் அது 25 விழுக்காடாகியது. அவர்கள் நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்ல, வட்டிதான் அவர்கள் தொழில். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? துறைமுக வேலைக்கான போட்டியில் 1930 மே மாதம் ரங்கூனில் இந்தியக் கூலிகள் தாக்கப்பட்டார்கள். 1938-ல் மீண்டும் பெரிய கலவரம் வெடித்தது.

"இந்தியாவோடு சேர்ந்திருப்பதால்தானே இவர்கள் தடையில்லாமல் வருகிறார்கள்?" என்ற கேள்வி எழுந்தது. பிரெக்சிட் வாக்கெடுப்பின்போது போலந்து, ருமேனியத் தொழிலாளர்களைப் பற்றி எழுந்த கேள்வியும் இதுவேதான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரிட்டனில் மக்கள் வாக்களித்துப் பிரிந்தார்கள். பர்மாவில் 1932 நவம்பரில் நடந்த தேர்தலில் பிரிவினையை எதிர்த்த கட்சிகளே அதிக இடங்களைப் பிடித்தன. பிரித்துவிட்டால் இந்தியாவுக்குக் கிடைக்கும் அரசியல் உரிமைகள் பர்மாவுக்குக் கிடைக்காமல் போகும் என்ற அச்சம் அவர்களுக்கு. அப்படியும் லண்டன் பிரிவினையையே முடிவு செய்தது. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனிக் குடியேற்ற நாடாகியது. பா மா முதல் பிரதமரானார்.

சரி, இனிமேலாவது ரங்கூன் அரிசிக்கு வரி போடலாம் அல்லவா? அதுவும் நடக்கவில்லை. திடீரென்று வரி போட்டால் இரு பக்க வியாபாரமும் முடங்கும் என்று, பழைய வரியில்லா வர்த்தகம் சில ஆண்டுகள் அப்படியே தொடர ஏற்பாடு செய்யப்பட்டது. பிரெக்சிட்டில் "இடைமாறு காலம்" என்று ஒன்று இருந்ததே, அது போல. இந்தியாவுக்கும் அதில் நலன் இருந்தது. பர்மாவுக்குப் போன இந்தியத் துணிகளில் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர்கள் நெய்த கைலிகளும் உண்டு. அரிசிக்கு வரி போட்டால் பதிலுக்குக் கைலிக்கு வரி விழும். நெல் விளைவிப்பவனுக்கு நல்லதாகத் தெரிவது நெசவாளிக்குக் கெடுதலாக முடியும்.

1941-ல் இரண்டு நாடுகளும் புதிய வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு, இந்தியர்கள் பர்மாவுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தும் குடியேற்ற ஒப்பந்தமும் கையெழுத்தானது. காந்தியடிகள் உட்படப் பலர் அதைக் கண்டித்தார்கள். சரக்குக்கு ஒரு ஒப்பந்தம், ஆளுக்கு ஒரு ஒப்பந்தம் என்று பேசி முடித்துக் கொண்டிருந்தபோதே போர் வந்துவிட்டது.

1942: கேட்டது கிடைத்தது

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கடல் வழியாகவும், அரக்கான், மணிப்பூர் மலைக் காடுகள் வழியாக நடந்தும் ஊர் திரும்பினார்கள். வழியில் பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அரிசிக் கப்பல் அடியோடு நின்றது. பர்மா மட்டுமல்ல, சயாமும் இந்தோசீனாவும் ஜப்பான் பிடியில். பத்து ஆண்டுகளாகத் தஞ்சை மிராசுதார்கள் மனுப் போட்டுக் கேட்டது ஒரே நாளில் நிறைவேறியது போல் ஆயிற்று. ரங்கூன் அரிசியின் போட்டியே இல்லை!

ஆனால் அதன் விலை என்ன? இந்தியாவின் மொத்த அரிசியில் பர்மா அரிசியின் பங்கு சிறியதுதான். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடங்கள் எல்லாம் கடற்கரைப் பற்றாக்குறைப் பகுதிகள். திருவிதாங்கூர், கொச்சி, மலபார், இலங்கை எல்லாம் திண்டாடின. வங்காளத்தில் 1943 பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மா அரிசி நின்றது மட்டுமே அதற்குக் காரணமல்ல. போர்க்கால விலையேற்றம், பதுக்கல், அரசாங்கத்தின் அலட்சியம் எல்லாம் சேர்ந்தன. அரிசி இல்லாததைவிட, அரிசி வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லாததே பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆனாலும் முதல் அடி ரங்கூனில் விழுந்தது என்பதை மறுக்க முடியாது.

1943-ல் சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் ரேஷன் கடையின் பிறப்பு அந்தக் காலத்தில்தான்.

லாபம் யார் வீட்டுக்குப் போனது?

போட்டி ஒழிந்ததால் தஞ்சை செழித்ததா? நெல் விலை ஏறியது உண்மை. ஆனால் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. உபரி மாவட்டமான தஞ்சாவூரின் நெல்லை நிர்ணயித்த விலைக்குக் கொள்முதல் செய்து பற்றாக்குறை மாவட்டங்களுக்கு அனுப்பியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் மாவட்டத்தை விட்டு ஒரு மூட்டை வெளியே போகக் கூடாது. சுங்கச் சாவடி ரங்கூனுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் வரும் என்று எதிர்பார்த்தார்கள், அது தஞ்சாவூர் மாவட்ட எல்லையிலேயே வந்து நின்றது. கள்ள மார்க்கெட்டும் கூடவே வந்தது.

அதில் விற்க முடிந்தவர்கள் யார்? நெல் கையிருப்பு உள்ளவர்கள். பெரிய மிராசுதார், ஆலைக்காரர், வியாபாரி. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது, அது சாப்பாட்டுக்கே பற்றாது. குத்தகைதாரருக்கோ வாரம் அளந்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம். மந்தத்தின்போது விலை விழுந்த நஷ்டம் மட்டும் இவர்கள் தலையில் இறங்கியது. விலை ஏறிய லாபம் இறங்கவில்லை.

டெல்டாவில் விவசாயிகள் சங்கம் வேரூன்றியது சரியாக இந்த ஆண்டுகளில்தான் என்பது தற்செயல் அல்ல. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940-களில் கீழத்தஞ்சைச் சேரிகளில் பண்ணையாட்களைத் திரட்டினார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும், கூலி உயர வேண்டும் என்பது கோரிக்கை. 1952-ல் ராஜாஜி அரசு அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதே ஆண்டு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளை இஷ்டத்துக்கு விரட்ட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. சட்டம் வந்த பிறகும் கூலிப் பிரச்சினை தீரவில்லை. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமையின் பின்னணியிலும் நெல் கூலித் தகராறு இருந்தது.

அதன் பிறகு

1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நில தேசியமயச் சட்டம் வந்தது. செட்டியார்களின் நிலங்கள் போயின. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964 வாக்கில் கடை கண்ணிகளும் அரசுடைமை ஆயின. லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள். சென்னையில் பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காக உருவானது. உலகத்துக்கே அரிசி கொடுத்த பர்மா, அந்த முதலிடத்தை அதன்பின் மீட்கவில்லை.

இந்தியா சுதந்திரத்துக்குப் பிறகும் பர்மா அரிசியைத் தேடிப் போனது. 1954-ல் 9 லட்சம் டன் வாங்க ஒப்பந்தம் செய்தது. பிறகு 1960-ல் தீவிர விவசாயத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்வான மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூர் சேர்ந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் புதிய நெல் ரகங்கள் வயலுக்கு வந்தன. இன்று உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. 1930-களில் ரங்கூன் இருந்த இடத்தில் இன்று நாம் இருக்கிறோம். மற்ற நாட்டு விவசாயிகள் "இந்திய அரிசி மலிவாக வந்து குவிகிறது" என்று சொல்லும் காலம் இது. 2023-ல் இந்தியா பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, அதை நம்பியிருந்த நாடுகள் பட்ட பாடு 1942-ன் திருவிதாங்கூரை நினைவுபடுத்தியது. அந்தத் தடை 2024-ல் நீங்கியது.

முடிவாக

தஞ்சாவூரின் இந்தப் பழைய கதை சொல்வது மூன்று விஷயங்கள்.

முதலாவது, மலிவுச் சரக்கால் பாதிக்கப்பட்டவனின் வலி நிஜமானது. 1930-களில் வரி கட்ட முடியாமல் நிலத்தை அடகு வைத்த சிறு விவசாயியும், தொழிற்சாலை மூடிய ஆங்கில ஊரின் தொழிலாளியும் பொய் சொல்லவில்லை. "மொத்தத்தில் நாட்டுக்கு லாபம்" என்ற கணக்கு அவர்களுக்குச் சோறு போடாது.

இரண்டாவது, எல்லையை மூடுவதால் மட்டும் அந்த வலி தீர்ந்துவிடாது. ஒரு சந்தையை நம்பி உற்பத்தி செய்பவர் இருப்பது போலவே, அதையே நம்பிச் சாப்பிடுபவரும் இருக்கிறார். வழி அடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் அவர்தான்.

மூன்றாவது, சந்தை திறந்தாலும் மூடினாலும் லாபமும் நஷ்டமும் தானாகப் பங்கு பிரிந்துகொள்வதில்லை. ரங்கூன் அரிசி வந்தபோது நஷ்டம் பண்ணையாளுக்கு. அது நின்றபோது லாபம் மிராசுதாருக்கு. இதை மாற்றியது சுங்கவரி அல்ல, சங்கமும் சட்டமும்.

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்திட்டன. இனி எந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் செய்தி வந்தாலும், ஏற்றுமதி எத்தனை கோடி என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், களத்தில் நெல் அளக்கும்போது கடைசி மரக்கால் யாருக்கு விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.